கல் தேடப் போன டிரைவர்

சேலம், அம்மாபேட்டை
12.10.1983

மாமாவுக்குப் பழனியம்மாள் எழுதுவது.

சுகமா என்று கேட்க மனசு வரவில்லை. நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். பஸ் கம்பெனி டிரைவர் பரீட்சையில் ஃபெயிலாகிவிட்டு, கட்டிய பெண்டாட்டியும் பெற்ற மகளும் அதே ஊரில் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல், நேரே ஏற்காடு பஸ் ஏறிப் போன ஆளுக்கு என்ன குறை இருக்கப் போகிறது?

அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். அந்த டெப்போவிலேயே மெக்கானிக் என்பதால் ஒர்க் ஷாப் சன்னலில் நின்று கடைசிவரைக்கும் பார்த்திருக்கிறார். எட்டுப் போட்டீர்களாம், ஒரு கம்பு சாயவில்லையாம். ரிவர்ஸ் எடுத்தபோது பரீட்சை வைக்கிற ஆபீசரே தலையை ஆட்டினாராம். அப்புறம் அந்த மண்மேடு. அதில் பஸ்ஸை ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. நிறுத்தினீர்கள். ஹேண்ட் பிரேக்கும் போட்டீர்கள். அதோடு சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதா? கதவைத் திறந்து இறங்கிப் போனீர்களாமே. ஆபீஸ் வாசலில் பூச்செடியைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த கல்லில் பெரிசாகப் பார்த்து ஒன்றைப் பெயர்த்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்து, பின் சக்கரத்துக்கு அணை கொடுத்துவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்தீர்களாமே.

“ஏனுங்க, எங்க போயிட்டு வர்றீங்க?” என்று ஆபீசர் கேட்டாராம். “கல்லு வெக்கப் போனனுங்க” என்று நீங்கள் சொன்னீர்களாம். சொல்லாமல் சீட்டை விட்டு இறங்கினால் ஃபெயில் என்று முதலிலேயே படித்துக் காட்டியிருக்கிறார்கள். எந்தக் காதில் வாங்கினீர்கள்?

ஒர்க் ஷாப்பே சிரித்ததாம். அண்ணன் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டாராம். இப்போது டீக்கடைக்குப் போனால், “என்னுங்க கந்தசாமி, உங்க மாப்பள கல்லத் திருப்பி வெச்சிட்டாருங்களா?” என்று கேட்கிறார்களாம். சிபாரிசு செய்து பேர் கொடுத்த மனுசன் அவர். அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

ஆடி மாசம் நீங்கள் ஓட்டுகிற அந்த எஸ்டேட் ஜீப் என்னையும் லட்சுமியையும் வைத்துக்கொண்டு பின்னால் உருண்டதை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அந்த வேலையை விட்டு நீங்கள் இறங்கி வருகிற வரைக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மலை ஏற மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான்.

பழனியம்மாள்


கொட்டச்சேடு
17.10.1983

பழனிக்கு,

உன் கடிதத்தை எஸ்டேட் ரைட்டர் முனியப்பன் கொண்டுவந்து கொடுத்தார். “நொம்பக் கனமா இருக்குதுங்க” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். பிரித்துப் படித்த பிறகுதான் கனம் தெரிந்தது.

சன்னலில் நின்று அண்ணன் பார்த்ததை எழுதிவிட்டாய். சீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். நன்றாகப் பிடித்தது. நம் ஜீப்பில் அந்தக் கம்பி எத்தனையோ வருசமாக வெறுமனே ஆடிக்கொண்டிருக்கிறது. காபி விற்றதும் பார்க்கலாம் என்று முதலாளி ஒவ்வொரு வருசமும் சொல்கிறார். அதனால் பிடித்தது என்று கைக்குத் தெரிந்ததே தவிர காலுக்குத் தெரியவில்லை. மெதுவாகக் காலை எடுத்துப் பார்த்தேன். வண்டி அசையவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அன்றைக்கும் முதலில் அசையவில்லை.

மேலே கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தேன். காலி சீட்டு. எனக்குக் காலியாகத் தெரியவில்லை. நீ உட்கார்ந்திருந்தாய், உன் மடியில் லட்சுமி தூங்கிக்கொண்டிருந்தாள். குப்பனூர் வழியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்க இறங்கினேனே, அன்றைக்கு இருந்த மாதிரியே. அன்று நான் வைத்த கல் மற்ற நாளில் போதுமான கல்தான். மழையில் வழுக்கிவிட்டது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். ஜீப் என்னை விட வேகமாகப் போனது. அந்த சில்வர் ஓக் மரம் மட்டும் குறுக்கே இல்லாமல் போயிருந்தால், மேலே எழுத வரவில்லை.

அதனால்தான் இறங்கினேன். அதனால்தான் பெரிய கல்லாக எடுத்தேன். ரூல் எல்லாம் அப்போது ஞாபகத்தில் இல்லை. மறந்திருக்கலாம் என்று எழுதிவிட்டாயே, அதற்குப் பதிலாக என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

வீட்டுக்கு வராமல் போனதற்கும் காரணம் உண்டு. சட்டை முழுக்கச் சுண்ணாம்பு. அப்பா என்ன பண்ணிட்டு வந்தீங்க என்று லட்சுமி கேட்டால் என்ன சொல்வது?

கல்லை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுத்தான் வந்தேன். டீக்கடையில் கேட்பவர்களிடம் அண்ணனைச் சொல்லச் சொல்.

சின்னசாமி


சேலம்
29.10.1983

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அண்ணி வந்து பார்த்தாள். “அழுவறதுதான் அழுவற, இந்த வெங்காயத்தையும் உரிச்சுட்டு அழு” என்று முறத்தை முன்னால் வைத்துவிட்டுப் போனாள். உரித்து முடிப்பதற்குள் எனக்குக் கோபம் திரும்பி வந்துவிட்டது.

உங்கள் மனசு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் உங்கள் மனசைப் பார்த்து மார்க் போட அந்த ஆபீசர் என்ன உங்கள் மாமனாரா? அவருக்கு வேண்டியது, நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், எடு என்றால் எடுக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே மேடு, ஒரே ரூல். அதில் போய் உங்கள் ஒருவருக்கு மட்டும் குப்பனூர் ரோடு தெரிந்தால் யார் என்ன செய்ய முடியும்?

அண்ணன் யார் யாரையோ பிடித்துக் கெஞ்சியிருக்கிறார். தை மாசம் மறுபடி பரீட்சை வைக்கிறார்கள், உங்களையும் கூப்பிடுவார்கள். வரும் ஆனியோடு உங்களுக்கு வயசு வரம்பு முடிகிறது. இதை விட்டால் அப்புறம் கிடையாது. ஆயுசுக்கும் அந்த ஜீப்தான், ஆயுசுக்கும் நான் அண்ணன் வீட்டுக் கூடத்தில்தான்.

அதற்குள் உங்கள் காலுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். ஒழுங்கான ஹேண்ட் பிரேக் உள்ள வண்டி அந்த மலையில் ஒன்றுகூடவா இல்லை? யார் காலிலாவது விழுந்து வாங்கி, மேட்டில் நிறுத்தி, உட்கார்ந்து பழகுங்கள். சும்மா உட்காரத்தான் சொல்கிறேன். அதுகூடவா முடியாது?

இங்கே இருக்கிற கூத்து போதாதென்று, உங்கள் மகள் பள்ளிக்கூடத்தில், எங்கப்பா பெங்களூர் பஸ் ஓட்டுறார் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அற்புதம் டீச்சர் என்னை வழியில் நிறுத்தி, “பொங்கலுக்கு பெங்களூர் போறோம், சார்கிட்டச் சொல்லி முன் சீட்டாப் போட்டுக் குடுங்க” என்கிறார். நான் சரிங்க டீச்சர் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

பழனியம்மாள்


கொட்டச்சேடு
20.11.1983

பழனிக்கு,

பழகிக்கொண்டிருக்கிறேன். நீ நினைக்கிற மாதிரி சும்மா உட்காருவது அவ்வளவு சுலபமான வேலை இல்லை.

குப்பனூரில் பலாப்பழம் ஏற்றுகிற செல்வராஜிடம் ஒரு நல்ல லாரி இருக்கிறது. விசயத்தைச் சொன்னேன். “லாரிய ஓட்டக் கேப்பாங்க, நிக்க வெக்கக் கேக்கற ஆள இப்பத்தானுங்க பாக்கறேன்” என்றார். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை தருகிறார். கூடவே அவர் கிளீனர் தங்கராஜும் வருகிறார். அவருக்கும் என் வயசு இருக்கும், பொறுமைசாலி.

முதல் வாரம் தங்கராஜைக் கல்லோடு பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன். “கைல வெச்சுட்டு நில்லுங்க, போட மட்டும் போடாதீங்க” என்றேன். அவர் நின்றார், நான் காலை எடுத்தேன். அடுத்த வாரம், கல் கனக்கிறது, ரோட்டோரம் வைத்துக்கொள்கிறேன் என்றார். சரி என்றேன். போன வாரம் நான் மேட்டில் நிறுத்திக் காலை எடுத்துவிட்டு, “இருக்கீங்களா?” என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. ஆள் டீ குடிக்கப் போய்விட்டார். அது தெரிந்ததும் கதவுப் பிடிக்குக் கை போனது. ஆனாலும் இறங்கவில்லை. அவர் வருகிற வரைக்கும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

இன்னொன்றும் நடந்துவிட்டது. ஜீப் பிரேக்கைப் பற்றி முதலாளியிடம் மறுபடி கேட்டேன். “இத்தன வருசம் கல்லுலதான சின்னசாமி ஓட்டுன, இப்ப என்ன புதுசா?” என்றார். எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. “ஏனுங்க, உங்க ஊட்டம்மாவ ஒரு நாளைக்கு ஜீப்புல உக்கார வெச்சுட்டு நான் கல்லு வெக்கட்டுங்களா?” என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. எது சொல்வதாக இருந்தாலும் முனியப்பனிடம் சொல்லி அனுப்புகிறார். வேறு டிரைவர் தேடுகிறார் என்று பேச்சு.

அங்கே பாஸாகாவிட்டால் இங்கேயும் இருக்க முடியாது போலிருக்கிறது. நீ திட்டுவாய் என்று தெரியும்.

சின்னசாமி


சேலம்
5.1.1984

மாமாவுக்கு,

முதலாளியிடம் நிஜமாகவே அப்படிக் கேட்டீர்களா? அண்ணியிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். எனக்குச் சந்தோசம்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து கேளுங்கள் கேளுங்கள் என்று நான் தொண்டை வறளச் சொன்னபோதெல்லாம் வாயைத் திறக்காமல், வேலை ஆட்டம் காண்கிற நேரமாகப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்களே, அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது.

பத்தொன்பதாம் தேதி பரீட்சை. முதல் நாளே வந்து இங்கே படுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். காலையில் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதவுப் பிடியைக் கண்ணால்கூடப் பார்க்க வேண்டாம். பூச்செடியைச் சுற்றியிருந்த கல்லையெல்லாம் எடுத்துவிட்டு இப்போது செங்கல்லைச் சாய்த்து நட்டிருக்கிறார்களாம். உங்களால் வந்ததுதான் என்று அண்ணன் சொல்கிறார்.

நான் அந்தப் பக்கம் வர மாட்டேன். என்னைப் பார்த்தால் உங்களுக்குக் கால் நடுங்கும், உங்களைப் பார்த்தால் எனக்கு வாய் நிற்காது.

பழனியம்மாள்


கொட்டச்சேடு
22.1.1984

பழனிக்கு,

பரீட்சை முடிந்து வந்த அன்றைக்குச் சோறு போட்டாய், ரசம் ஊற்றினாய், ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் கைக்கு வந்தது போய்விடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம். இப்போது எழுதுகிறேன்.

மேட்டில் நிறுத்தினேன். கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்றுதான் போனேன், பார்த்துவிட்டேன். இந்தத் தடவை பின் சீட்டெல்லாம் ஆள். என்னை மாதிரிப் பரீட்சைக்கு வந்தவர்களை உட்கார வைத்திருந்தார்கள். ஒருவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். வண்டி மேட்டில் நிற்கிறது என்ற கவலையே ஒருவருக்கும் இல்லை. அவர்களுக்கே இல்லாத பயம் எனக்கு எதற்கு என்று தோன்றியது. காலை எடுத்துவிட்டேன்.

ஆபீசர் வேண்டுமென்றே நேரம் கடத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “எடுங்க” என்றதும் எடுத்தேன். ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. ரோட்டில் ஓட்டச் சொன்னார்கள். நான் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. “ஏனுங்க, அங்க யாரு வர்றாங்கன்னு அடிக்கறீங்க?” என்று ஆபீசர் கேட்டார். அப்புறம் ரயில்வே மேம்பாலத்தில் இறங்கும்போது எதிரே ஒரு மாட்டு வண்டி ஏறி வந்தது. நான் ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும் அல்லவா, மலையில் அப்படித்தானே. அவ்வளவு அகலமான பாலத்தில் மாடு நிதானமாக ஏறி வருகிற வரைக்கும் நின்றேன். பின்னால் சேலத்து வண்டியெல்லாம் கத்தியது. ஆபீசர் காதைப் பொத்திக்கொண்டு, “ஏற்காட்டுல எத்தன வருசமுங்க?” என்றார். சொன்னேன். ஏதோ எழுதிக்கொண்டார்.

அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. தூக்கம் வருவதில்லை. முதலாளி கொளத்தூர் ஆள் ஒருவனைக் கூட்டிவந்து ஜீப்பைக் காட்டிவிட்டார்.

சின்னசாமி


சேலம்
20.2.1984

மாமாவுக்கு,

ஆர்டர் வந்துவிட்டது. பாஸ். அண்ணன் டெப்போவிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து கூடத்தில் நின்று படித்தார். அண்ணி சர்க்கரையை எடுத்து என் வாயிலேயே போட்டாள். லட்சுமி தெருவில் போய்ச் சொல்லிவிட்டாள். நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். அதெல்லாம் அண்ணன் அடுத்த வரியைப் படிக்கிற வரைக்கும்தான்.

உங்களை எந்த வண்டியில் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? புதிதாக விடப்போகிற செம்மநத்தம் பஸ். சாயங்காலம் சேலத்தில் கிளம்பி, ஏற்காடு போய், அந்த ஒற்றை ரோட்டில் செம்மநத்தம் போய், ராத்திரி அங்கேயே தங்கி, காலையில் இறங்கி வர வேண்டும். மலைச் சாலைக்கு ஏற்றவர் என்று அந்த ஆபீசர் எழுதி வைத்துவிட்டாராம்.

மலையை விட்டு இறங்குவதற்காக ஒரு பரீட்சை, அதில் இரண்டு தடவை உட்கார்ந்து, கடைசியில் தினமும் மலை ஏறுகிற வேலையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். வேறு யாருக்காவது இப்படி நடக்குமா? ஒரே ஒரு திருப்பத்திலாவது அந்த ஹாரனை அடிக்காமல் இருந்திருக்கக் கூடாதா? அந்த மாடு உங்களுக்கு மாமனா மச்சானா?

மாற்றிக் கேட்கலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். ஒரு வருசத்துக்கு வாயே திறக்கக் கூடாதாம். இனி என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள். எனக்குத் திட்டித் திட்டி அலுத்துவிட்டது.

பழனியம்மாள்


செம்மநத்தம்
11.3.1984

பழனிக்கு,

வேலையில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. எஸ்டேட் வீட்டைக் காலி செய்து சாவியை முனியப்பனிடம் கொடுத்துவிட்டேன்.

முதல் நாள் பஸ் இங்கே வந்து நின்றபோது இருட்டிவிட்டது. ஊரே லாந்தரோடு நின்றது. பஸ்ஸுக்கு மாலை போட்டார்கள், எனக்கும் ஒன்று. கண்ணாயி என்கிற அம்மா, காலையில் அதே பஸ்ஸில் பிரசவத்துக்கு மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம் அவர், “சாமி, மெதுவாப் போ சாமி” என்று சொல்லிக்கொண்டே வந்தார். மெதுவாகத்தான் போனேன். ஆண் குழந்தை.

ராத்திரி பஸ்ஸிலேயே படுக்கிறேன், குளிர் எலும்பைத் தொடுகிறது. ஐயாக்கண்ணு என்ற விவசாயி, “டிரைவரு ஊட்டோட வர்றதா இருந்தா, எங்க பழைய ஊட்ட ஒழிச்சுத் தர்றனுங்க” என்கிறார். ஓட்டு வீடு. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மத்தியானம் சேலத்தில் வண்டி நிற்கிற நேரத்தில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம், லட்சுமியைப் பார்க்கலாம். அப்படியே ஒரு வருசம் ஓட்டிவிடலாம். நீ அங்கேயே இரு என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த ஆடி மாசத்துக்கு அப்புறம் உன்னை ஒரு வண்டியில் ஏறச் சொல்ல எனக்கு முகம் இல்லை.

ஆனால் வா என்று எழுதத்தான் கை போகிறது. வருகிறாயா?

சின்னசாமி


சேலம்
16.3.1984

மாமாவுக்கு,

சாமான் கட்டியாகிவிட்டது. இத்தனை மாசமாக, எப்போ போவ எப்போ போவ என்று கண்ணால் கேட்டுக்கொண்டிருந்த அண்ணி, இப்போது, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் போயேன் என்கிறாள். அற்புதம் டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். “செம்மநத்தமா? பெங்களூர விடக் கஷ்டமாச்சே” என்றார்.

எனக்குப் பயம் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் தூக்கத்தில் அந்த ஜீப்போடு உருளுகிறேன், எழுந்து லட்சுமியைத் தடவிப் பார்த்துவிட்டுப் படுக்கிறேன். உங்களைத் திட்டினேனே, அதில் முக்கால்வாசி பயம்தான். மலையில் மழை என்று யாராவது சொன்னால் எனக்கு இங்கே சோறு இறங்காது. அது உங்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று கடிதம் கடிதமாகக் கத்திக்கொண்டிருந்தேன்.

நிறைமாச மகளை உங்களை நம்பி ஒருத்தி ஏற்றியிருக்கிறாள். கட்டிக்கொண்டவள் நான், அந்த வண்டியில் ஏறாமல் கீழே நின்றால் நன்றாகவா இருக்கும்?

வருகிற திங்கட்கிழமை சாயங்கால வண்டிக்கு வருகிறோம். எதுவும் பேசாதீர்கள், என்னைத் திரும்பிப் பார்க்காதீர்கள், ரோட்டைப் பாருங்கள். ஏற்காடு தாண்டுகிற வரைக்கும் நான் கண்ணைத் திறக்க மாட்டேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரனை மட்டும் அடித்துக்கொண்டே வாருங்கள். நீங்கள்தான் ஓட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியட்டும்.

பழனியம்மாள்